முட்டி மறுநாள் காலையில்தான் பதில் சொல்லும்

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால் நம் ஊரில் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் லிகமென்டாக இருக்கலாம். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் உட்கார்ந்திருக்கும் மெனிஸ்கஸாக இருக்கலாம். எலும்பு முனையில் வழவழவென்று ஒட்டியிருக்கும் குருத்தெலும்பாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே சொல் வைத்துப் பேசுவதால்தான், "அவன் ரெண்டே மாசத்துல ஓட வந்துட்டானே, நான் ஏன் ஆறு மாசம் காத்திருக்கணும்?" என்ற கேள்வி ட்ராக்கில் அடிக்கடி கேட்கிறது. அவனுக்குக் கிழிந்தது வேறு, உங்களுக்குத் தேய்ந்தது வேறு. 800, 1500 மீட்டர் ஓடுகிறவர்களுக்காக, மெனிஸ்கஸும் குருத்தெலும்பும் அடிபட்ட பிறகு பயிற்சிக்குத் திரும்புவதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். லிகமென்ட் தனிக் கதை.

முதலில் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்க வேண்டும். "மீடியல் மெனிஸ்கஸ், போஸ்டீரியர் ஹார்ன், கிரேடு 2 சிக்னல்" (உள்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்பு) என்ற வரியைப் பார்த்துப் பயந்துபோய் ஸ்பைக்ஸை, அதாவது ஆணி வைத்த ஓட்டக் காலணியை, பரணில் போட்டவர்கள் உண்டு. மெனிஸ்கஸில் கிரேடு 1, 2 என்றால் உள்ளே ஏதோ மாற்றம் தெரிகிறது, அது மேற்பரப்பைத் தொடவில்லை என்று பொருள். மேற்பரப்பைத் தொடும் கிரேடு 3-ஐத்தான் கிழிசல் என்பார்கள். ஆனால் அதே ரிப்போர்ட்டில் குருத்தெலும்புக்கு "கிரேடு 2" என்று இருந்தால் கணக்கு வேறு. அங்கே 1 என்பது மென்மையாகிப் போனது, 2 பாதி ஆழத்துக்குள் சேதம், 3 பாதிக்கு மேல், 4 எலும்பே வெளியே தெரிவது. இரண்டு கிரேடுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆபரேஷன் நடந்திருந்தால் என்ன செய்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். மெனிஸ்கஸின் கிழிந்த ஓரத்தைச் சீவி எடுத்திருந்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் மெதுஓட்டம் தொடங்கலாம். தையல் போட்டிருந்தால் நான்கிலிருந்து ஆறு மாதம். குருத்தெலும்புப் பள்ளத்தில் எலும்பைத் துளையிட்டுச் செய்யும் மைக்ரோஃப்ராக்சர் என்றால் ஓட்டத்தைத் தொடவே ஆறு மாதம் வரை ஆகும். செல் வளர்த்து வைத்தாலோ வேறிடத்திலிருந்து துண்டு எடுத்துப் பதித்தாலோ ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதம். சீவி எடுத்தவர் சீக்கிரம் வருவது அவர் திறமையால் அல்ல. அங்கே ஆறி ஒட்ட வேண்டிய திசு எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். தையல் போட்டவர் அவரோடு தன்னை ஒப்பிட்டு அவசரப்பட்டால் தையல் பிரியும்.

குருத்தெலும்பு ஏன் இவ்வளவு தாமதம்? அதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மெனிஸ்கஸிலும் வெளி ஓரத்துக்கு மட்டும்தான் ரத்தம் வருகிறது, உள் ஓரம் வறண்ட நிலம். குருத்தெலும்புக்குச் சாப்பாடு மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்து போகிறது. பஞ்சை அமுக்கி விட்டால் நீரை உறிஞ்சுமே, அப்படி எடை ஏறி இறங்கும்போதுதான் அது உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கட்டிலில் கிடந்து முழு ஓய்வு எடுப்பதும் அதற்குப் பட்டினிதான். நரம்பு இல்லாததால் இன்னொரு சிக்கல்: ஓடும்போது அது வலிப்பதே இல்லை. வலி வருவதெல்லாம் அதற்குக் கீழே இருக்கும் எலும்பிலிருந்தும் மூட்டைச் சுற்றிய சவ்விலிருந்தும்தான். அவை சூடேறி நீர் சுரக்க எட்டு மணி, பத்து மணி நேரம் எடுக்கும். ஆகவே இன்று மாலை செய்த வொர்க் அவுட் சரியா தப்பா என்பதற்கு முட்டி இன்று பதில் சொல்லாது, நாளைக் காலையில்தான் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்கத் தெரியாமல் ஸ்டாப்வாட்சை மட்டும் பார்த்துப் பயிற்சி செய்வதால்தான் பாதிப் பேர் மறுபடியும் விழுகிறார்கள்.

கேட்பது இப்படி. காலையில் எழுந்ததும் சுவரில் சாய்ந்து, கட்டிலில் கால்களை நீட்டி உட்காருங்கள். தொடையைத் தளர்த்துங்கள், முட்டிச் சில்லை விரலால் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக நகர வேண்டும், அப்படியானால் தொடை தளர்ந்திருக்கிறது. சில்லின் உள்பக்கம், அடுத்த காலை நோக்கிய பக்கம், ஒரு சிறு பள்ளம் தெரியும். உள்ளங்கையால் அந்தப் பள்ளத்தின் கீழிருந்து தொடை நோக்கி மேலே மூன்று முறை வழித்துவிடுங்கள். பிறகு சில்லின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை வழியுங்கள். கண் அந்த உள்பக்கப் பள்ளத்திலேயே இருக்கட்டும். பள்ளம் பள்ளமாகவே இருந்தால் நீர் இல்லை. ஒரு சின்ன அலைபோல் மெல்ல எழும்பினால் லேசான நீர்க்கோவை. பள்ளம் முழுக்க நிரம்பி மேடானால் அதிகம். வெளிப்பக்கம் வழிப்பதற்கு முன்பே தானாகத் திரும்பி நிரம்பினால் இன்னும் அதிகம். வழித்தும் வெளியேறவே இல்லையென்றால் அன்று ஓட்டத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நல்ல முட்டியிலும் செய்து பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

இன்னும் இரண்டு பார்வை. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்தால் முட்டியின் பின்பக்கம் இரண்டு காலிலும் ஒரே அளவு இறங்குகிறதா? இறங்காத கால் இன்னும் முழுதாக நீளவில்லை. தையல்கடை டேப்பால் சில்லின் நடுவே சுற்றளவு எடுத்து நோட்டில் எழுதுங்கள். நேற்றைவிட ஒரு சென்டிமீட்டர் கூடினால் அது அளவெடுத்த பிழை அல்ல. கூடவே, படியில் இறங்கும்போது வலி பத்துக்கு எவ்வளவு என்று ஒரு எண். ஏறும்போது அல்ல, இறங்கும்போது. சில்லின் பின்புறக் குருத்தெலும்பு இறக்கத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

முடிவெடுப்பது எளிது. நீர் இல்லை, வலி 2-க்குள், முட்டி நேற்றுப் போலவே நீள்கிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம். லேசான நீர் அல்லது வலி 3, 4 என்றால் அதே படியில் நிற்க வேண்டும். அதற்கு மேலென்றால் இரண்டு நாள் சைக்கிள், பிறகு ஒரு படி கீழே. இது தவிர, முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது சட்டென்று விட்டுப்போனாலோ, அடிபட்டு இரண்டு மணி நேரத்துக்குள் பந்துபோல் வீங்கினாலோ (அப்படி விரைவில் வீங்குவது பெரும்பாலும் ரத்தம்), காய்ச்சலோடு முட்டி கொதித்தாலோ, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நீர்க்கோவையை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் வீக்கம் மட்டுமல்ல. மூட்டுக்குள் நீர் சேர்ந்தால் தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை உடலே குறைத்துவிடுகிறது. அதிலும் சில்லுக்கு மேலே உள்பக்கம் இருக்கும் துளி வடிவத் தசைதான் முதலில் தூங்கிப்போகும். எத்தனை ஸ்குவாட் போட்டாலும் அந்தக் கால் பருக்காது. நீரை வற்றவிடாமல் ஜிம்முக்குப் போவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

நீர் வற்றியதும் வலுவூட்டல். தொடக்கத்தில் அசையாமல் பிடித்து நிற்கும் பயிற்சி போதும்: முதுகைச் சுவரில் சாய்த்து, முட்டி 60 டிகிரி மடங்கும் அளவுக்கு இறங்கி, 45 விநாடி, ஐந்து முறை, நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. அதில் வலி அடங்கிய பிறகு ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து இறங்கும் ஸ்ப்ளிட் ஸ்குவாட், மூன்று விநாடி எடுத்து இறங்கி, எட்டெட்டாக மூன்று செட். சில்லின் பின்புறம் அடிபட்டவர்கள் கோணத்தைக் கவனிக்க வேண்டும். பாதம் தரையில் இருக்கும் ஸ்குவாட், லெக் பிரஸ் போன்றவற்றில் 0-விலிருந்து 45 டிகிரி வரை சில்லுக்கு அழுத்தம் குறைவு. உட்கார்ந்து காலை நீட்டும், பாதம் காற்றில் இருக்கும் லெக் எக்ஸ்டென்ஷனில் நேர்மாறாக 90-லிருந்து 45 வரை குறைவு. இந்த இரண்டு ஜன்னலுக்குள் எடையை ஏற்றிப் பழக்கிவிட்டுப் பிறகு கோணத்தை விரியுங்கள்.

தையல் போட்டவர்களுக்கு நம் வீடுகளில் ஒரு தனி ஆபத்து. ஆழமாக மடக்கி எடை போடும்போது, கூடவே திருகும்போது, மெனிஸ்கஸின் பின்கொம்பு இரண்டு எலும்புக்கும் நடுவே நசுங்குகிறது. குத்தவைத்து உட்காரும் கழிப்பறை, சம்மணத்திலிருந்து கை ஊன்றாமல் எழுவது, தரையில் உட்கார்ந்து துணி துவைப்பது எல்லாமே அதுதான். முதல் நான்கு மாதம் 90 டிகிரிக்கு மேல் எடையோடு மடக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். ஜிம்மில் ஒழுங்காக இருப்பவர் வீட்டில் இதை மறந்துவிடுகிறார். மைதானத்தில் பி.டி. சார் சொல்லும், குத்தவைத்தபடியே நடக்கும் டக் வாக்கும் தவளைத் தாவலும் இதே வகை. இவை தொடை வலுவுக்கு என்று பல பள்ளிகளில் இன்னும் நடக்கின்றன. அடிபட்ட முட்டிக்கு இவற்றால் கிடைக்கும் வலுவை லெக் பிரஸ்ஸில் குறைந்த ஆபத்தில் பெறலாம் என்பதால், இவற்றை நிரந்தரமாகவே விட்டுவிடச் சொல்வேன். சாரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வரிசையில் நின்ற பிறகு மறுப்பது பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

மெதுஓட்டத்துக்கு முன் நான்கு வாசல்கள். முப்பது நிமிட வேக நடைக்கு மறுநாள் முட்டி மௌனம். 45 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் பதினைந்து முறை எழுந்து உட்காருவது, முட்டி உள்பக்கம் சாயாமல். ஒற்றைக் காலில் குதிகால் தூக்கல் 25. அடிபட்ட காலின் தொடை வலு, நல்ல காலில் 80 சதவீதமாவது இருப்பது. ஜிம்மில் ஒற்றைக் கால் லெக் பிரஸ்ஸில் எட்டு முறை தூக்க முடிந்த எடையை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வேக ஓட்டத்துக்குப் போக இதே கணக்கு 90 சதவீதம்.

பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. இதை மூன்று தடவை செய்து மூன்று மறுநாள் காலையிலும் பதில் நன்றாக வந்தால், இரண்டு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை, எட்டு. அடுத்து நான்குக்கு ஒன்று, ஐந்து. பிறகு பத்து நிமிடம் இரண்டு. பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடம் தொடர்ச்சியாக. தடங்கலே இல்லாவிட்டால் ஐந்து வாரம் பிடிக்கும். எட்டு வாரம் ஆனாலும் அதில் குறை எதுவும் இல்லை.

இந்தக் கட்டத்திலேயே காலடி எண்ணிக்கையை மாற்றிக்கொள்வது லாபம். முப்பது விநாடியில் வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். நாற்பது என்றால் நிமிடத்துக்கு 160 அடி. அதே வேகத்தில் நாற்பத்திரண்டாக்குங்கள். ஐந்து சதவீதம்தான், ஆனால் அடி குறுகி, பாதம் உடலுக்கு அருகே விழுந்து, முட்டியில் விழும் சுமை குறையும். வேகத்தை ஏற்றிவிடாமல் எண்ணிக்கையை மட்டும் ஏற்றுவதுதான் கடினம். போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோநோம் போட்டுக்கொண்டால் எளிது.

தரை விஷயத்தில் உருட்டிச் சமப்படுத்திய செம்மண் மைதானம்தான் என் முதல் தேர்வு. கடற்கரை மணல் மென்மையானது என்று மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் போகிறவர்கள், புதையும் மணலில் ஒவ்வொரு அடியிலும் முட்டி திருகுவதைக் கவனிப்பதில்லை. நீரோர ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஆனால் சரிவு. ஒரு கால் எப்போதும் தாழ இருக்கும். தார்ச்சாலையின் ஓரச் சரிவுக்கும் இதே குற்றம்.

இங்கே நடுத்தூர ஓட்டக்காரருக்கே உரிய பொறியைச் சொல்ல வேண்டும். ஓய்வு மாதங்களில் சைக்கிளும் நீச்சலுமாக நுரையீரலைக் காப்பாற்றி வைத்திருப்பார். காப்பாற்றவும் வேண்டும். சீட் உயரம் மட்டும் சரியாக இருக்கட்டும், பெடல் அடியில் இருக்கும்போது முட்டி 25-லிருந்து 35 டிகிரி மடங்கினால் போதும்; சீட் தாழ்ந்தால் சில்லு நெரிபடும். நீச்சலில் தவளைக் கால் உதை வேண்டாம், முட்டி பக்கவாட்டில் திருகும். ஆழ்நீரில் மிதவை பெல்ட் கட்டி ஓடுவது எல்லாவற்றிலும் நல்லது. ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெது, பத்து முறை போட்டால் மூச்சு வாங்கும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவரின் இதயமும் மூச்சும் ஆறே வாரத்தில் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ட்ராக்கில் கால் வைத்த முதல் வாரம் 400-ஐ 64 விநாடியில் ஓடினால் மூச்சு ஒன்றும் சொல்லாது. முட்டியோ மூன்று மாதம் பின்னால் நிற்கிறது. மூச்சு முந்தும், முட்டி பிந்தும். ஒழுங்கான ஆளுக்குத்தான் இந்தப் பொறி ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே வேகத்தை வரிசையாகத்தான் திறக்க வேண்டும். 800-ஐ 2:00-ல் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வார மொத்தம் பழைய அளவில் அறுபது சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் வேகம் என்ற பேச்சே. முதலில் செம்மண்ணில் நேர்கோட்டில் 80 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் (முழு வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, தளர்வாக ஓடும் குறு ஓட்டம்) ஆறு, நடந்து திரும்பி. அடுத்து மிதமான ஏற்றத்தில் இருபது விநாடி, எட்டு முறை. ஏற்றத்தில் வேகமாகப் போனாலும் பாதம் மோதும் அதிர்ச்சி குறைவு. ஆனால் இறங்கும்போது நடந்துதான் வர வேண்டும். ஏற்றத்தில் சம்பாதித்ததை இறக்கத்தில் ஜாகிங் போட்டுத் தொலைப்பவர்கள் ஏராளம். பிறகு டெம்போ, அதாவது ஓரளவு கடினமான சீரான ஓட்டம், கிலோமீட்டருக்கு 3:45-ல் ஆறு நிமிடம், மூன்று முறை.

அதன்பிறகே ட்ராக், அதுவும் ஷூவோடு, வெளி லேனில். முதல் லேனின் கர்வ் 36.5 மீட்டர் ஆரம். எட்டாவது லேனில் அது 45 மீட்டருக்கு வந்துவிடுகிறது, சாய்வும் திருகலும் அந்த அளவுக்குக் குறையும். ஒரு ரவுண்டு அங்கே 453 மீட்டர் என்பதை நினைவில் வைத்து நேரத்தைக் கணக்கிடுங்கள். வார்ம் அப், கூல் டவுன் ரவுண்டுகளை மைதானம் காலியாக இருந்தால் எதிர்த்திசையில் ஓடலாம், எப்போதும் இடது முட்டியே உள்பக்கம் மாட்டிக்கொள்ளாது. 200 மீட்டர் எட்டு, 35 விநாடியில். இரண்டு வாரம் கழித்து 33-ல், அது அவருடைய 1500 வேகம். பிறகு 300 ஐந்து, 49-ல். 800 வேகத்தைக் குட்டையாகத் தொடங்க வேண்டும்: 150 மீட்டர் ஆறு, 22.5-ல். அப்புறம் 200 ஆறு, 30-ல். கடைசியாக 500-ஐ 75-லும், நன்றாக ஓய்வெடுத்து 300-ஐ 45-லும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது இரண்டு வாரம். ஒரே வாரத்தில் தூரம், வேகம், தரை, காலணி என்ற நான்கில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டு முட்டி வீங்கினால் எதனால் என்றே தெரியாது.

ஸ்பைக்ஸ் நேர்கோட்டில் 60 மீட்டர் நான்கு ஸ்ட்ரைட்ஸுக்கு மட்டும் முதலில். பிறகு வொர்க் அவுட்டின் கடைசி இரண்டு ரெப்ஸுக்கு, அதாவது கடைசி இரண்டு ஓட்டங்களுக்கு. குதிகால் தாழ்ந்திருப்பதால் சுமை கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் நகரும், முட்டி பிழைத்து நாண் மாட்டிக்கொண்ட கதையாகிவிடக் கூடாது.

இப்போது யாரும் பேசாத ஒன்று: நிற்பது. ரெப் முடிந்ததும் கோட்டைத் தாண்டி மூன்றே அடியில் பிரேக் போட்டு, கையை முட்டியில் ஊன்றிக் குனிவது நம் ட்ராக்குகளில் எல்லோருக்கும் பழக்கம். வேகத்தை இழுத்து நிறுத்தும் அந்த மூன்று அடியில் மடங்கிய முட்டியின் மேல் விழும் சுமை, ஓடிய இருநூறு மீட்டரின் எந்த அடியையும்விட அதிகம். எட்டு ரெப் ஓடினால் எட்டு பிரேக். கோட்டுக்கு அப்பால் முப்பது மீட்டரில் ஒரு கூம்பு வையுங்கள். அதுவரை சின்னச் சின்ன அடியாக வேகத்தை வடியவிட்டு நில்லுங்கள். கோச் ஸ்டாப்வாட்சோடு கோட்டில் நின்றால் பார்வை அங்கேயே நின்றுவிடும், அதனால் அவரையே அந்தக் கூம்பருகே நிற்கச் சொல்லுங்கள், நேரத்தைப் பக்கத்தில் ஒருவர் எடுக்கட்டும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ட்ராக்குக்குப் போகவே கூடாது. மறுநாள் காலை வர வேண்டிய பதிலையும் அது அமுக்கிவிடும், கேள்வி கேட்டதே வீண். வீங்கிச் சூடாக இருக்கும் முட்டியில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம்.

காலண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 2012 லண்டனில் 1:40.91 என்று உலக சாதனையோடு தங்கம் வென்ற கென்யாவின் 800 மீட்டர் ஓட்டக்காரர் டேவிட் ருடிஷா, முட்டிக் காயத்தால் 2013 மாஸ்கோ உலகப் போட்டிக்குப் போகவில்லை. 2014-ல் திரும்பி வந்து கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெள்ளி. தங்கம் 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் வந்தது, அடுத்த ஆண்டு ரியோவில் 1:42.15-ல் மறுபடியும் ஒலிம்பிக் தங்கம். திரும்பி வந்த முதல் சீசனில் அவரும் தோற்றார். அதனால் மாவட்டப் போட்டித் தேதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு முட்டியை நெருக்காதீர்கள். படிகள் முடிந்த பிறகு வரும் போட்டி எதுவோ அதில் பெயர் கொடுங்கள்.

முதல் போட்டி 1500 ஆக இருக்கட்டும். 800-ல் முதல் கர்வ் தனித்தனி லேனில் முடிந்ததும் எல்லோரும் உள்ளே வெட்டி வருவார்கள். அந்த நெருக்கடியில் சட்டென்று அடி மாற்றுவதும் பக்கவாட்டில் தள்ளுப்படுவதும் கடைசியாகப் பழக வேண்டியவை. 1500-ல் பின்னால் நின்று இடம் பார்த்து ஓடலாம், முட்டிக்கு ஒன்று தோன்றினால் வெளி லேனுக்கு ஒதுங்கவும் வழி உண்டு. முடிந்ததும் கோட்டில் விழாமல் முப்பது மீட்டர் வடியவிட்டு நில்லுங்கள். மறுநாள் காலை கட்டிலில் கால் நீட்டி வழித்துப் பாருங்கள், அதற்கடுத்த நாளும் பாருங்கள். இரண்டு நாள் காலையிலும் பள்ளம் பள்ளமாகவே இருந்தால், நான்காம் நாள் ட்ராக்குக்குப் போகலாம்.